பென்ட்ரைவை அழித்துவிடாதீர்கள்

காணாமற்போன கணவர் பற்றிய முறைப்பாட்டுப் பிரதிகள் யாவும் அந்தப் பென்ட்ரைவில்தான் இருந்தன. சாவகச்சேரி அக்கா தந்தார். எங்கள் மடிக்கணனி திறக்க மறுத்தது.

"பழுதாப் போச்சோ தங்கச்சி?"

பக்கத்தில் நின்ற தம்பி, "ஃபோர்மட் பண்ணிப் பாப்பம்" என்றான். எல்லாம் அழிந்துவிடுமே! தடுத்தேன்.

அதே துளையில் மவுஸைச் செருகினேன், வேலை செய்தது. ஆக, துளை பழுதில்லை. சேமிப்புக் கருவிகளை மட்டும் யாரோ பூட்டியிருக்கிறார்கள். வேறோர் அலுவலகம் பாவித்துத் தந்த கணனி அது. 2008இல் பென்ட்ரைவ் வழியே வைரஸ் புகுந்ததால் அமெரிக்க இராணுவமே அவற்றைத் தடைசெய்தது. அலுவலகங்கள் பூட்டுவதில் வியப்பென்ன?

விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் 'யூஎஸ்பிஸ்டோர்' பகுதியிலுள்ள 'ஸ்டார்ட்' எண் 4 என்றால் பூட்டு; 3 என்றால் திறப்பு. நிர்வாகி கணக்கில் நுழைந்து 3 ஆக்கி, கணனியை மீள இயக்கினேன். (நீங்கள் வேலைசெய்யும் அலுவலகத்தின் கணனியென்றால் பொறுப்பாளரைக் கேட்காமல் தொடாதீர்கள், சகோதரிகளே.)

கடிதங்கள் திறந்தன. அக்கா முதலில் கேட்டது கணவரின் படத்தை. அச்சடித்துக் கொடுத்தேன்.