தொற்றுக் காலத்தில் நோயாளர் வெளியே நடக்கலாமா?

2020 மார்ச் 20இல் நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, கொரோனாவுக்குப் பயந்து நாம் வீட்டுக்குள் முடங்கினோம். நீரிழிவு, இருதய நோய், தொய்வு உள்ளவர்கள் கூடுதலாகப் பயந்தார்கள். அது நியாயமே, அவர்களுக்குத்தான் அந்நோய் கடுமையாகும் ஆபத்து அதிகம். ஆனால் அசையாதிருந்தால் சீனியும் பிறஷரும் ஏறும்.

வயலில் பாடுபட்ட காலத்தில் உடற்பயிற்சி என்று தனியே ஒன்று எமக்குத் தேவைப்படவில்லை. காணியை விட்டு வந்தபின் அதைத் தேடிச் செய்யவேண்டியுள்ளது. நாட்பட்ட நோயுள்ளவர்களும் இயன்றால் கிழமைக்கு 150 நிமிடமாவது உடலை இயக்கவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறியது. கிழமையில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேர நடை போதும்.

எங்கே நடப்பது? கிருமி மூச்சுக்காற்றோடு பரவுகிறது. அடைத்த அறையில் அது தேங்கும்; வெளியில் காற்று அதைக் கலைத்துவிடும். ஆகவே குளக்கட்டு, வயல் வரம்பு, சன நடமாட்டமில்லாத ஒழுங்கை நல்லவை. வெயில் ஏறுமுன் செல்லுங்கள். மற்றவர்களுக்கு ஆறடி விலகி நில்லுங்கள். முகக்கவசத்தைக் கையோடு கொண்டுபோய், ஆட்கள் நெருங்கினால் அணியுங்கள்.

எவ்வளவு வேகம்? நடக்கும்போது கதைக்க முடியவேண்டும். பாட மூச்சுப் போதாது என்ற அளவே சரி.

மேலும் சில கவனங்கள்:

- தொடங்குமுன் கிளினிக் வைத்தியரைக் கேளுங்கள்.
- இன்சுலின் போடுபவர் வெறுவயிற்றில் நடக்கவேண்டாம்; கொஞ்சம் சீனி வைத்திருங்கள்.
- நீரிழிவுள்ளவர் செருப்பில்லாமல் நடக்கவேண்டாம். கால் விறைத்திருந்தால் முள் குத்தினாலும் தெரியாது.
- நெஞ்சு நோ, தலைச்சுற்று வந்தால் உடனே நிறுத்தி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.
- காய்ச்சல், இருமல் இருந்தால் வீட்டில் ஓய்வெடுங்கள்.

தொற்று இன்னொன்று வந்தாலும், அவதானத்தோடு நடப்போம்.