ஏழு பேர் யார்?

செஞ்சிக்கு அருகிலுள்ள தளவானூரில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகைக்கோவில் ஒன்று உண்டு. சத்ருமல்லேசுவரம் என்பது அதன் பெயர். பகைவரை அடக்கும் மல்லன் என்ற பொருளில் அம்மன்னன் தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டத்தால் வந்த பெயர் அது. அத்தகைய ஊரிலே சென்ற பொங்கலுக்கு முன் ஒரு மல்லுக்கட்டு நிகழ்ந்தது. பகைவரோடு அன்று, நண்பர்களுக்குள்ளேயே! பொங்கல் கபடிப் போட்டியில் களமிறங்கும் ஏழு பேர் யார் என்பதே வழக்கு.

இளைஞர்கள் நம்மிடம் வந்தனர். "சாமி, பனியன் வாங்கித் தர்றவரு அவங்க அக்கா மகனைச் சேக்கச் சொல்றாரு. சேக்கலன்னா பனியன் இல்லையாம். நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க" என்றனர்.

நாம் உடனே விடை கூறவில்லை; கூறும் தகுதி நமக்கு உண்டா என்ற ஐயம் எழுந்தது. பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், இதே போன்ற குழுவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம் கையில் இருந்தது. வெற்றிக் கோப்பை வழங்க முன்வந்த பெரியவர் ஒருவரின் மனம் நோகலாகாது என்றெண்ணி, அவர் மகனைச் சேர்த்தோம். அதற்காக நன்கு பாடிச் செல்லும் ஏழைப் பையன் ஒருவனை நீக்கினோம். அவனிடம் காரணம் எதுவும் கூறவில்லை. அவனும் கேட்கவில்லை. போட்டியன்று முழுவதும் குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து ஆடியவர்களுக்குக் கொடுத்தான். மறுநாள் முதல் திடலுக்கே வரவில்லை. அவன் முகம் இன்றும் நம் கண்முன் நிற்கிறது.

சிற்றூர்த் திடலில் மட்டுந்தான் இவ்வாறு நடக்கிறது என்று எண்ண வேண்டாம். உலக அரங்கிலும் இதே கதைதான்.

2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் பந்தயத்திற்கு நம் நாட்டு டென்னிஸ் குழுவைத் தேர்ந்த வரலாற்றைப் பாருங்கள். லியாண்டர் பயஸ் சென்னையிலிருந்த பிரிட்டானியா அமிர்தராஜ் பயிற்சிக் கழகத்தில் இளமையிலேயே பயின்றவர். 1996இல் அட்லாண்டாவில் வெண்கலப் பதக்கம் வென்றவர். மகேஷ் பூபதியோ சென்னையில் பிறந்தவர். இவ்விருவரும் இணைந்து 1999இல் பிரெஞ்சுப் பட்டத்தையும் விம்பிள்டன் பட்டத்தையும் வென்றனர். 2004இல் ஏதென்சு நகரில் வெண்கலத்திற்கான ஆட்டத்தில், கடைசிச் சுற்றை 14-16 என்ற கணக்கில் இழந்து பதக்கத்தை நழுவவிட்டனர். பின்னர் இருவருக்குமிடையே இருந்த இணக்கம் குலைந்தது.

2012 ஜூன் மாதத்தில் அகில இந்திய டென்னிஸ் சங்கம் இவ்விருவரையே மீண்டும் இணைத்து அறிவித்தது. பூபதி மறுத்தார், தாம் ரோகன் போபண்ணாவுடன் ஆடிப் பழகி வருவதாகக் கூறினார். போபண்ணாவும் பயசுடன் ஆட இசையவில்லை. முடிவில் சங்கம் இரண்டு இணைகளை அனுப்பியது: ஒன்று பூபதி - போபண்ணா, மற்றொன்று பயசும், தரவரிசையில் மிகவும் பின்தங்கியிருந்த இளைஞர் விஷ்ணு வர்தனும். பயசுக்கு நேர்ந்த மனக்குறையை ஆற்ற வேண்டுமே! கலப்பு இரட்டையரில் சானியா மிர்சா அவருடன் ஆடுவார் என்று முடிவாயிற்று. சானியாவோ அதே மாதத்தில்தான் பூபதியுடன் இணைந்து பிரெஞ்சுக் கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றிருந்தார். ஓர் ஆட்டக்காரரைச் சமாதானப்படுத்தத் தம்மைத் தூண்டில் இரையாக்கிவிட்டார்கள் என்று அவர் வெளிப்படையாகவே வருந்தி அறிக்கை விடுத்தார்.

விளைவு என்ன? இலண்டனில் ஆடவர் இணை இரண்டும் இரண்டாம் சுற்றிலேயே வெளியேறின. பயசும் சானியாவும் கால் இறுதியில் தோற்றனர். பூபதிக்கும் போபண்ணாவுக்கும் சங்கம் தடை விதித்தது; வழக்கு கர்நாடக உயர்நீதிமன்றம் வரை சென்று, தடை நிறுத்தி வைக்கப்பட்டது. திறமைக்கா பஞ்சம்? இல்லை. தேர்வுக்கான விதி இன்னது என்று முன்கூட்டியே யாவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதனால் ஒவ்வொருவருக்கும் நெருக்குதல் தரும் வாய்ப்பு கிட்டியது.

செல்வ நாடுகளும் இதற்கு விலக்கல்ல. பனித்தளத்தில் சறுக்கியபடியே நடனமாடும் போட்டி ஒன்று மேலை நாடுகளில் பெயர் பெற்றது. 2014 சனவரியில் பாசுடன் நகரில் நடந்த அமெரிக்கத் தேசியப் போட்டியில் மிராய் நாகசு என்னும் பெண் மூன்றாம் இடம் பெற்றார். ஒலிம்பிக்கிற்குச் செல்ல இடம் மூன்று. ஆயினும் நான்காவதாக வந்த ஆஷ்லி வாக்னரையே தேர்வுக் குழு அனுப்பியது. கடந்த ஓராண்டில் பிற போட்டிகளில் பெற்ற வெற்றிகளையும் கணக்கில் கொள்ளலாம் என்று விதி இருந்தது. எனவே சட்டப்படி அது தவறன்று. வாக்னரும் அவ்வாண்டு சோச்சியில் குழுப்போட்டி வெண்கலத்தில் பங்கு பெற்றார். ஆனால் பார்த்தவர் மனம் ஆறவில்லை. நாகசு சோர்ந்து ஒதுங்காமல் மீண்டும் உழைத்தார். 2018இல் பியோங்சாங் நகரில், காற்றிலே மூன்றரைச் சுற்றுச் சுழலும் கடினமான தாவலை ஒலிம்பிக்கில் செய்து முடித்த முதல் அமெரிக்கப் பெண் ஆனார். அதுவும் குழுப்போட்டியிலேதான்!

இங்கு ஓர் உண்மையை மறைத்தலாகாது. குழு என்பது முதல் ஏழு எண்களின் கூட்டல் அன்று. இருவர் தனித்தனியே வல்லவராயினும் சேர்ந்து ஆடும்போது தளரக்கூடும். ஆகவே தேர்ந்தெடுப்போர் தம் அறிவையும் பயன்படுத்தியே ஆகவேண்டும். குற்றம் அறிவைப் பயன்படுத்துவதில் இல்லை; காரணத்தை மறைப்பதில் இருக்கிறது.

நல்வழிக்கும் சான்று உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண் இருவர், பெண் இருவர் ஓடும் கலப்புத் தொடரோட்டம் புதிதாகச் சேர்க்கப்பட்டது. பெண்களைத் தேர 2021 சூலையில் பாட்டியாலாவில் ஓட்டத் தேர்வே நடத்தினர். மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி 53.55 விநாடியில் முதலாவதாக வந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டவர். தொடக்கத்தில் வெறுங்காலோடு ஓடியவர். திருச்சியைச் சேர்ந்த சுபா, தனலட்சுமி ஆகியோரும் தேர்வாயினர். பரிந்துரைக்க எவருமில்லாத பெண்ணுக்குக் கடிகாரமே பரிந்துரைத்தது. டோக்கியோவில் ரேவதி, சுபா, நம் ஆரோக்கிய ராஜீவ் ஆகியோர் ஓடிய அணி இறுதிச் சுற்றுக்குச் செல்லவில்லை. ஆயினும் 'என் இடத்தைப் பறித்தார்கள்' என்ற கசப்பின்றி ஓடிய தோல்வி அது.

இவற்றையெல்லாம் நம் இளைஞர்களுக்கு எடுத்துரைத்தோம். நாம் முன்பு செய்த தவற்றையும் ஒளிக்காமல் கூறினோம். பின்னர் மூன்று விதிகளைக் கரும்பலகையில் எழுதினோம். தேர்வாட்டம் ஊரார் முன்னிலையில் நடக்கும். தேர்ந்தெடுக்கும் மூவருள் எவருக்கும் ஆடுவோரில் உறவினர் இருக்கலாகாது. விடுபட்டவனுக்கு அவன் முகம் பார்த்துக் காரணம் சொல்ல வேண்டும்.

பனியன் தருவதாகச் சொன்னவரின் அக்கா மகனும் ஆடினான். ஏழு பேரில் அவனுக்கு இடம் கிட்டவில்லை. மாற்று ஆட்டக்காரர் ஐவருள் ஒருவனானான். பிடியில் வலிமை உண்டு, மூச்சுப் பயிற்சி போதாது என்று அவனிடம் நேரிலேயே கூறினர். சிறிது நேரம் தலைகுனிந்து நின்றான். பிறகு, "நாளைக்கு எத்தனை மணிக்குப் பயிற்சி?" என்று கேட்டான்.

மாமன் சொன்னபடியே பனியன் தரவில்லை. பையன்கள் தத்தம் பழைய பனியன்களில் கரியால் எண் எழுதிக்கொண்டு களமிறங்கினர், அரையிறுதியில் தோற்றனர். ஆனால் மறுநாள் மாலை பன்னிருவரும் திடலில் இருந்தனர். தண்ணீர்க் குடத்தோடு தனியே நின்றவன் எவனும் இல்லை.