வீட்டுப் பராமரிப்பும் நிமிடக் கணக்கும்

முதுமையாலோ நோயாலோ தாமாகக் குளிக்கவும் உடுக்கவும் இயலாமல் போனவரைக் காப்பகத்துக்கு அனுப்பாமல், பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் நாள்தோறும் அவருடைய வீட்டுக்கே சென்று கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு இங்கிலாந்தில் வீட்டுப் பராமரிப்பு எனப்படுகிறது. குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல் போன்ற உடல்சார்ந்த உதவிகளை அளிக்கும் நிறுவனங்கள், 2009 ஏப்ரலில் பணியைத் தொடங்கிய கேர் குவாலிட்டி கமிஷன் என்னும் தர ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். வீட்டைத் துடைக்கவும் கடைக்குப் போய்வரவும் மட்டும் ஆள் அனுப்புவோருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

சேவை பாதுகாப்பானதா, பயன் தருகிறதா, பரிவோடு நடக்கிறதா, அவரவர் தேவைக்கு ஏற்றதா, நிர்வாகம் செம்மையானதா என்ற ஐந்து கேள்விகளை எழுப்பி, 'மிகச் சிறப்பு' முதல் 'போதாது' வரையிலான நான்கு படிகளில் ஆணையம் தரம் வழங்குகிறது. ஆயினும் மருத்துவமனை வார்டுக்குள் நுழைவதுபோல் ஒருவருடைய படுக்கையறைக்குள் அவரது இசைவின்றி ஆய்வாளர் நுழைய இயலாது என்பதால், பெரும்பாலும் அலுவலகப் பதிவேடுகளையும் பயனாளிகளோடு தொலைபேசியில் பேசுவதையும் நம்பியே மதிப்பீடு அமைகிறது. அதுவும் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை: மருத்துவமனைகள் உட்பட ஆணையம் ஆய்வு செய்யக்கூடிய இடங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு ஒருமுறைகூடத் தரம் வழங்கப்படவில்லை என்று ஆணையத்தின் செயல்பாடு குறித்து 2024இல் பென்னி டாஷ் தலைமையில் நடந்த மறுஆய்வு கண்டறிந்தது, கவலைக்குரிய செய்தியே.

பதிவேட்டைவிட உண்மையைச் சொல்வது, பணியாளர் அந்த வீட்டில் செலவிடும் நேரம். படுத்த படுக்கையாக இருப்பவரை ஒருக்களித்துத் திருப்பி, குதிகாலிலும் இடுப்பின் அடிப்பகுதியிலும் தோல் சிவந்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் அந்தச் சிவப்பு மறைகிறதா என்று பார்க்க வேண்டும். மறையாவிட்டால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். மாத்திரையை அவர் விழுங்கியதைக் கண்ட பிறகே மருந்துப் பதிவுத்தாளில் கையொப்பமிட வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற உதவும் ஹாய்ஸ்ட் என்னும் தூக்கு கருவியை இயக்கப் பெரும்பாலும் இரண்டு பேர் தேவை. இவற்றையெல்லாம் கால் மணி நேரத்தில் முடிக்கச் சொல்வது ஆபத்தை வரவழைப்பதே. 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்துக்கான அரசு வழிகாட்டுதலும், அந்தரங்க உதவி தேவைப்படுவோருக்குப் பதினைந்து நிமிட வருகை பொருந்தாது என்கிறது. நைஸ் எனப்படும் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2015இல், அரை மணிக்குக் குறைந்த வருகைக்குச் சில நிபந்தனைகளை விதித்து, வருபவர் அந்த முதியவருக்கு ஏற்கெனவே அறிமுகமானவராக இருப்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தது; நேற்று இயல்பாகப் பேசியவர் இன்று குழறுகிறார் என்பதைப் பழகியவரால்தானே உணர முடியும்?

ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குச் செல்லும் நேரமும் வேலை நேரமே என்று குறைந்தபட்ச ஊதிய விதிகள் கூறினாலும், வீட்டுக்குள் இருக்கும் நிமிடங்களுக்கு மட்டும் கூலி கணக்கிடும் வழக்கம் அங்கே நீடிக்கிறது. பயணத்துக்கு இடைவெளி விடாமல் வேலைப் பட்டியல் வகுக்கப்படும்போது, பேருந்திலும் நெரிசலிலும் கழியும் நிமிடங்கள் அடுத்த வீட்டு முதியவரின் குளியலிலும் உணவு வேளையிலும்தான் குறைக்கப்படுகின்றன.