நெஞ்சில் நீர் கோத்தால்

கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய வல்லார்பாடம் தீவை, அதன் சரக்குப்பெட்டக முனையத்தாலும் அன்னை மரியாள் பேராலயத்தாலும் நாம் அறிவோம். 2004ஆம் ஆண்டு கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும்வரை, எறணாகுளத்து மருத்துவமனைகளுக்குச் செல்லத் தீவினருக்குப் படகே வழி. மூச்சிரைக்கும் நோயாளியைப் படகில் ஏற்றி இறக்குவது எத்தகைய துன்பம் என்று விளக்க வேண்டியதில்லை. பாலங்கள் தொலைவைக் குறைத்தன. ஆயினும், புற்றுநோயால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வோர்க்கு, எங்கு வாழ்ந்தாலும், அடிக்கடி மருத்துவமனைக்குச் செல்வதே பெரும்பாரமாக இருக்கிறது. அதைக் குறைக்கும் சிகிச்சை முறையும் உண்டு என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

நுரையீரலையும் மார்புக்கூட்டின் உட்புறத்தையும் இரண்டு மெல்லிய உறைகள் போர்த்தியுள்ளன. நலமான உடலில் இவற்றிடையே ஓரிரு தேக்கரண்டி நீரே இருக்கும். அந்நீர் ஓயாது ஊறும், ஓயாது வடியும். வங்கியாளர்களாகிய நமக்கு இது வரவுசெலவுக் கணக்காகவே தோன்றுகிறது. புற்றணுக்கள் உறையில் பரவும்போது ஊறுவது மிகுந்து, வடிகால் அடைபடுகிறது. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் எனத் தேங்கிய நீர் நுரையீரலை நெருக்குகிறது. நுரையீரல், மார்பகம், சூலகம், நிணநீர் ஆகியவற்றின் புற்றுநோய்களில் இது மிகுதி. படுத்தால் மூச்சு முட்டும். வறட்டு இருமல் விடாது.

நம் நாட்டில் காசநோயாலும் இவ்வாறு நீர் கோப்பதுண்டு. ஆகவே நீரைச் சோதிக்காமல் எந்த முடிவுக்கும் வரலாகாது. முதல் சோதனையில் புற்றணு தென்படாததை மட்டும் கொண்டு அந்நோய் இல்லை என்று கொள்வதற்கும் இல்லை.

அல்ட்ராசவுண்டு துணையுடன் ஊசி செலுத்தி நீரை எடுப்பது முதல் படி. மூச்சு உடனே எளிதாகும். ஒரே முறையில் பொதுவாக ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை. நெருக்குண்ட நுரையீரல் திடீரென விரிந்தால் அதிலேயே நீர் கோக்கும் அபாயம் உண்டு. ஆனால் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் நீர் மீண்டும் தேங்கிவிடுகிறது. மூன்றாம் முறை, நான்காம் முறை என ஊசிக்காகவே அலையும் குடும்பங்கள் பல. இரண்டாம் முறை நீர் கோத்தவுடனேயே, "நிலையான வழி என்ன?" என்று மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது என்பது நம் கருத்து.

நிலையான வழிகள் இரண்டு. ஒன்று, இரு உறைகளையும் ஒட்டவைத்து நீர் தேங்க இடமில்லாமற் செய்வது. குழாயிட்டு நீரை வடித்தபின், கிருமி நீக்கிய டால்க் தூளையோ, நம் நாட்டில் பல இடங்களில் பொவிடோன் அயோடினையோ உள்ளே செலுத்துவர். இதற்குச் சில நாட்கள் மருத்துவமனையில் தங்க வேண்டும். நுரையீரல் முழுதாக விரியக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

மற்றொன்று, தோலுக்கடியில் மெல்லிய குழாயொன்றை நிலையாகப் பொருத்துவது. வீட்டிலேயே, பயிற்சி பெற்ற உறவினர் நீரை வடித்துவிடலாம். குழாயிட்ட இடத்தில் கிருமித்தொற்று சிறு பங்கினர்க்கு வரக்கூடும்; சிவப்பு, காய்ச்சல், சீழ் எது கண்டாலும் தாமதிக்கலாகாது.

மூச்சுத்திணறலைத் தணிப்பதில் இரு முறைகளும் ஏறத்தாழ ஒன்றே என்று 2012ஆம் ஆண்டு வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது. ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் உள்ளிட்ட நாடுகளில் 146 நோயாளிகளிடம் நடந்து 2017இல் வெளியான மற்றோர் ஆய்வில், மருத்துவமனையில் கழிந்த நாட்களின் இடைநிலை அளவு குழாய் பொருத்தியவர்க்கு 10 ஆகவும், டால்க் பெற்றவர்க்கு 12 ஆகவும் இருந்தது. வேறுபாடு இரண்டே நாட்கள்தான். எஞ்சிய காலமே குறுகியிருப்போர்க்கு அது சிறிதன்று.

வீட்டில் குழாயைப் பராமரிக்க யார் துணை என்ற அச்சம் இயல்பானது. கேரளத்தில் இதற்கு ஓர் ஆறுதல் உண்டு. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி தணிப்புப் பணி, ஊர்தோறும் தன்னார்வலர்களால் வளர்ந்தது. 2008இல் மாநில அரசின் கொள்கையாயிற்று. இன்று உள்ளாட்சி அமைப்புகளின் செவிலியர் நோயாளியின் வீட்டுக்கே வருகின்றனர். குழாய் பொருத்துமுன் உள்ளூர்ச் செவிலியரிடம் பேசிவைப்பது குடும்பத்தின் பாதிச் சுமையைக் குறைக்கும்.

செலவு பற்றியும் சொல்ல வேண்டும். குழாயோடு வரும் வெற்றிடப் புட்டிகள் விலை மிகுந்தவை. சாதாரண வடிகால் பை போதுமா என மருத்துவரைக் கேட்கலாம். மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் ஆகும் செலவைப் பெரும்பாலான காப்பீடுகள் குறிப்பிட்ட நாட்களுக்கே ஏற்கின்றன. அந்த நாட்கணக்கை முன்னதாகவே எழுத்தில் பெறுக.

நோயாளி கையொப்பமிட இயலாத நிலையிலும் கணக்கிலிருந்து பணம் எடுக்க வழியுண்டு. ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி, வங்கி அறிந்த இரு சாட்சிகள் முன் இடப்படும் பெருவிரல் ரேகை போதும். சாட்சிகளுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். கிளைக்குச் சொல்லி அனுப்பினால், அலுவலர் வீட்டுக்கு வருவதற்கு ஏற்பாடு செய்யலாம்.