கத்தரி இலை ஏன் சிறுக்கிறது?

காரைக்குடிப் பக்கம் வீட்டு முன்புறம் நித்தியகல்யாணி, கொல்லையில் கத்தரி என வளர்ப்பதுண்டு. சில சமயம் கத்தரியின் இலைகள் சிறுத்துக் கொத்துக் கொத்தாய்ப் புதராகும். பூவும் காயும் பிடிக்காது. இதுவே சிற்றிலை நோய். தொற்றும் நோயாக இதை 1939-இல் விவரித்தவர்கள் கே. எம். தாமஸும் சி. எஸ். கிருஷ்ணசாமியும். காரணம் வைரஸ் என்றே நெடுநாள் நம்பப்பட்டது. 1967-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இத்தகைய நோயுள்ள செடிகளில், செல்சுவரே இல்லாத நுண்ணுயிரியைக் கண்டார்கள். அதுதான் பைட்டோபிளாஸ்மா.

இலை தயாரிக்கும் உணவைக் கொண்டுசெல்லும் சல்லடைக் குழாய்களில் அது வாழ்கிறது. அங்கிருந்து சுரக்கும் புரதங்கள் செடியின் வளர்ச்சிக் கட்டளைகளைக் குலைப்பதால், பூவிதழ்கள்கூடப் பச்சை இலைகளாகின்றன.

எப்படிப் பரவுகிறது? தத்துப்பூச்சி நோயுற்ற செடியின் சாற்றை உறிஞ்சும்போது கிருமியும் உள்ளே போகிறது. பூச்சியின் உடலில் சில வாரங்கள் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. பிறகு அந்தப் பூச்சி உறிஞ்சும் செடிகளுக்கெல்லாம் நோய் தொற்றலாம். நித்தியகல்யாணியும் இந்தக் கிருமிக்கு இடம் கொடுக்கும். வயலில் கத்தரி இல்லாத காலத்திலும் ஆண்டெல்லாம் நிற்கும் அந்தப் பூச்செடியில் கிருமி தங்கியிருந்து, அடுத்த நடவுக்குக் காத்திருக்கும்.

ஆகவே நித்தியகல்யாணியின் பூ பச்சையாகித் திரிந்தால், அழகென்று விட்டுவைக்காதீர்கள். வேரோடு பிடுங்கி அழியுங்கள். சிற்றிலை கண்ட கத்தரியையும் அப்படியே. நோயுற்ற செடியை மருந்தடித்து மீட்க முடியாது. கிருமியின் இருப்பிடத்தை அகற்றுவதே பக்கத்துச் செடிகளைக் காக்கும்.