பெருச்சாளி மருந்து கேட்டால்...

"அண்ணாச்சி, தோட்டத்துல மரச்சீனியெல்லாம் பெருச்சாளி தோண்டிப் போட்டுட்டு. நல்ல மருந்தா ஒண்ணு தாங்க."

நாஞ்சில் நாட்டில் பலசரக்குக் கடை நடத்தும் நமக்குப் பழகிய பேச்சு இது. மருந்தை எடுத்து நீட்டும் முன் சற்று யோசிக்க வேண்டும்.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசைக்கு முறிவு மருந்து கிடையாது. உள்ளே போனால் சில நாட்களில் கல்லீரலைக் கெடுத்து உயிரையே வாங்கிவிடும். தமிழக அரசு 2022-இல் இதற்குத் தடை அறிவித்தது. பழைய சரக்கு மிச்சம் இருந்தாலும் விற்கக் கூடாது. மற்ற எலி மருந்துகளையும் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் பெற்றே விற்க வேண்டும். அரிசி, பருப்பு பக்கம் வைக்காமல் தனியே பூட்டி வைப்பது அவசியம்.

அதற்காக வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். மாலையில் வளைகளை எல்லாம் மண் போட்டு மூடச் சொல்லுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ, அதில்தான் பெருச்சாளி இருக்கிறது. அதன் அருகே பெரிய எலிப்பெட்டியில் கருவாடோ தேங்காய்த் துண்டோ வைக்கலாம். புதுப் பொருளைக் கண்டால் பெருச்சாளி ஒதுங்கும். ஆகவே முதல் 2, 3 நாட்கள் கதவு விழாதபடி கட்டிவைத்து, இரையைத் தின்னப் பழக்க வேண்டும். பிறகு பொறியைப் பூட்டினால் சிக்கும். தோட்டத்து மூலையில் கிடக்கும் ஓலை, மட்டைக் குவியலையும் அகற்றினால் புதிதாக வந்து ஒளிய இடமிராது.

எலிப்பெட்டி விற்றாலும் நமக்கு லாபம்தான். நாம் விற்ற மருந்தால் ஒரு வீட்டுக் குழந்தைக்குக் கேடு வந்தால், அந்தப் பழியை எந்த லாபத்தாலும் துடைக்க முடியாது.