நிலக்கரியின் முழு விலை

காற்றில் கரியமில வாயுவின் அளவு இரு மடங்கானால் பூமியின் வெப்பம் எத்தனை பாகை உயரும் என்பதைச் சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஸ்வாந்தே அரீனியஸ் 1896ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டு வெளியிட்டார். அக்காலத்தில் அது வெறும் ஏட்டுக் கணக்காகவே கருதப்பட்டது. தொழிற்புரட்சிக்கு முன்னர், பத்து இலட்சம் பங்கு காற்றில் இவ்வாயு சுமார் 280 பங்காக இருந்தது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் முறையான அளவீடு தொடங்கிய 1958இல் அது ஏறத்தாழ 315 பங்காயிற்று. 2023ஆம் ஆண்டின் சராசரி 420 பங்கைத் தாண்டிவிட்டது.

இவ்வுயர்வு மனிதனால் விளைந்ததா, அன்றி எரிமலை, சூரியன் முதலிய இயற்கைக் காரணங்களால் விளைந்ததா என்னும் ஐயம் நெடுங்காலம் எழுப்பப்பட்டு வந்தது. இதற்கு விடை காற்றிலேயே பொதிந்துள்ளது. உயிருள்ள தாவரங்களில் கதிரியக்கமுள்ள கார்பன்-14 சிறிதளவு காணப்படும். பல கோடி ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியிலோ எண்ணெயிலோ அது எஞ்சியிராது. காற்றில் கார்பன்-14இன் விகிதம் நீர்த்து வருவதை, மர வளையங்களை ஆராய்ந்து ஹான்ஸ் சூயஸ் என்பவர் 1950களில் கண்டறிந்தார். பழங்கார்பன் எரிமலையிலிருந்தும் வரலாமே எனின், எரிமலைப் புகைக்குப் பிராண வாயு செலவாவதில்லை. காற்றின் பிராண வாயுவோ, எரிபொருள் எரிவதற்கேற்பக் குறைந்து வருகிறது. சூரியனே காரணமாயின் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடேற வேண்டும். ஆனால் அவ்வடுக்கு குளிர்ந்து வருகிறது. மனிதச் செயலே வெப்ப உயர்வுக்குக் காரணம் என்பதில் ஐயமில்லை என்று ஐக்கிய நாடுகள் அமைப்பின் பன்னாட்டு அறிஞர் குழு 2021இல் அறிவித்தது இத்தகைய சான்றுகளின் அடிப்படையிலேயே ஆகும்.

பொருளாதாரம் பயில்வோருக்கு இச்சிக்கலின் வடிவம் புதிதன்று. ஒரு தொழிலின் தீங்கு அத்தொழிலின் கணக்கேட்டில் ஏறாமல் பிறர் தலையில் விழுமானால், சந்தை விலை பொய்யான விலையே என்பதை ஏ. சி. பிகூ 1920இல் வெளிவந்த தமது நூலில் விளக்கினார். அவ்வேறுபாட்டை வரியால் ஈடு செய்யலாம் என்பது அவர் கருத்து. ஒரு டன் நிலக்கரியின் விலையில் வெட்டுக் கூலியும், ரயில் கட்டணமும், உரிமத் தொகையும் உண்டு; அதன் புகையால் விளையும் சேதம் இல்லை.

அச்சேதத்தை யாரோ செலுத்தியே தீர வேண்டியுள்ளது. 2010 மே மாதத்தில் ஆமதாபாத்தில் வெப்பம் 46.8 பாகை செல்சியசை எட்டியது. அம்மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக மாண்டனர் எனப் பின்னர் நடந்த ஆய்வு கணித்தது. ஒரு குறிப்பிட்ட மாத வெயில் முழுவதையும் புகையின் கணக்கில் எழுதுவது தவறு. ஆயினும் அத்தகைய நாட்கள் அடிக்கடி வருவதற்குப் புகையே காரணம். அந்நகராட்சி 2013இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. முன்னெச்சரிக்கை, மருத்துவமனைகளில் பனிக்கட்டி, குடிசைக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு என யாவும் செலவு குறைந்த ஏற்பாடுகள். நாட்டின் பிற நகரங்களும் இதனைப் பின்பற்றின.

பொறுப்பு எல்லார்க்கும் சமமன்று. தொழிற்புரட்சி முதல் எரிபொருள் எரிப்பால் காற்றில் கலந்த கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவினுடையது. இந்தியாவின் பங்கு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. தலைக்கு ஆண்டுக்கு நாம் வெளியிடுவது சுமார் 2 டன். அமெரிக்கரோ சுமார் 14 டன். பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு என்ற கோட்பாடு 1992இல் ரியோ மாநாட்டில் ஏற்கப்பட்டது இதனாலேயே. இவ்வாதம் நியாயமானது. எனினும் ஆண்டு வெளியீட்டில் இந்தியா இன்று உலகில் மூன்றாமிடத்தில் உள்ளது. பழைய கணக்கைக் காட்டிக் கோடை வெயிலைத் தள்ளிப்போட இயலாது.

செய்யக்கூடியது உண்டு என்பதற்கு எல்.இ.டி. விளக்கே சான்று. பொதுத்துறைக் கூட்டு நிறுவனம் ஒன்று மொத்தமாகக் கொள்முதல் செய்யத் தொடங்கியபோது, 2014இல் 310 ரூபாயாக இருந்த விளக்கின் கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாயாக வீழ்ந்தது. உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் வழங்கப்பட்டன. எவரும் எதையும் துறக்க நேரவில்லை.

மின் உற்பத்தி அவ்வளவு எளிதன்று. நிறுவப்பட்ட மின்திறனில் நிலக்கரி, எரிவாயு போன்றவை சாராத பகுதி 2025 நடுவில் பாதியைத் தொட்டது. இலக்கு 2030க்கென இருந்தமையால் இது பாராட்டுக்குரியது. ஆனால் நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. சூரியன் மறைந்தபின் சூரியத் தகடு வெறும் தகடே. 2024-25இல் உற்பத்தியான மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் நிலக்கரியிலிருந்தே வந்தது. செய்தியறிக்கைகளில் முதல் எண்ணே பெரிதாக இடம்பெறுவது வழக்கமாகிவிட்டது.

பிகூவின் கருத்தை இந்தியா செயலிலும் சோதித்துப் பார்த்தது. 2010இல் டன்னுக்கு 50 ரூபாயாக விதிக்கப்பட்ட நிலக்கரித் தீர்வை 2016இல் 400 ரூபாயாயிற்று. தூய எரிசக்திக்கென இது வசூலிக்கப்பட்டது. 2017-18 முடிய திரண்ட சுமார் 86,000 கோடி ரூபாயில் அதற்குரிய நிதியத்திற்குச் சென்றது சுமார் 29,600 கோடி மட்டுமே. 2017இல் தீர்வை மாநிலங்களின் சரக்கு-சேவை வரி இழப்பீட்டுக்கு மாற்றப்பட்டது. 2025 செப்டம்பரில் நீக்கப்பட்டு, வரி விகிதம் 5இலிருந்து 18 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. புகைக்கென வாங்கிய பணம் புகைக்கென்றே செலவாகாவிடில், மக்கள் அதனை மற்றுமொரு வரியாகவே காண்பர், அதில் வியப்பில்லை.

நிலக்கரியை நம்பியிருப்போர் யார் என்பதைப் பார்த்தால் தயக்கத்தின் காரணம் விளங்கும். தன்பாத், கோர்பா, சிங்ரௌலி மாவட்டங்களில் கடை, லாரி, வாடகை வீடு யாவும் சுரங்கத்தைச் சுற்றியே நடைபெறுகின்றன. நிரந்தரத் தொழிலாளிக்கு ஓய்வூதியம் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சைக்கிளில் நிலக்கரி மூட்டை தள்ளிச் செல்பவனுக்கும் அப்பாதுகாப்பு இல்லை. மாநிலங்களுக்கு உரிமத் தொகை வருகிறது. ரயில்வேயின் சரக்கில் எடையளவில் ஏறத்தாழப் பாதி நிலக்கரியே. அவ்வருவாயே சாதாரணப் பயணியின் கட்டணத்தைக் குறைவாக வைத்திருக்க உதவுகிறது. 2070இல் நிகர வெளியீடு இல்லாத நிலை என்று 2021இல் கிளாஸ்கோவில் அறிவிக்கப்பட்ட குறிக்கோள் நிறைவேற, இந்த வருவாய்கள் ஒவ்வொன்றுக்கும் மாற்று காணப்பட வேண்டும். 2015இல் சட்டத்தால் ஏற்பட்ட மாவட்டக் கனிம நிதியத்தில் அதற்கான பணத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே உள்ளது. சுரங்கம் மூடிய பின்னரன்றி, அது இயங்கும்போதே அப்பணத்தைத் தொழிற்பயிற்சிக்கும் புதிய தொழில்களுக்கும் செலவிடத் தொடங்குவது மாவட்ட ஆட்சியர்களின் கையில் உள்ளது.